குடை யாருடையது?

ஆனைக்குட்டத்துத் தோழர்கள் சிலர் கையொப்பமிட்டு எழுதிய மடல் ஒன்று வந்திருக்கிறது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை எழுப்பப்பட்டிருக்கும் ஊர் அது. கரிசல் மண், கடும் வெயில், பட்டாசும் தீப்பெட்டியுமே பல குடும்பங்களுக்கு அடுப்பு எரியச் செய்யும் வட்டாரம். அந்த வெயிலிலே உழைப்போர் கேட்டிருக்கும் கேள்வியோ குடையைப் பற்றியது!

"கோயில் திருவிழாவிலே குடை, கொடி, தீவட்டி, பரிவட்டம், முதல் மரியாதை ஆகியவற்றில் எங்கள் தெருவாருக்கும் பங்கு வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் புறப்பட்டிருக்கிறார்கள். மாதா கோயில் சப்பரம் புறப்படும்போதும் இதே பேச்சு எழுகிறது. இது தன்மானப் போராட்டந்தானா? நாம் இதிலே நிற்பதா, விலகி நிற்பதா?" என்று கேட்கிறார்கள்.

சின்னக் கேள்வி என்று சிலர் எண்ணக்கூடும். விலைவாசியையும் வேலையில்லாக் கொடுமையையும் விட்டுவிட்டுக் குடைக்கும் குஞ்சத்துக்கும் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கவும் கூடும். அப்படிச் சுளிப்போர் இந்த வட்டாரத்தின் வரலாற்றை அறியாதவர்கள். குடைக்காகவும் பந்தலுக்காகவும் ஊர்கள் எரிந்திருக்கின்றன, உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே, கேள்விக்குப் பதில் சொல்லுமுன், குடை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே விசாரிப்போம்.

ஆண்டவனுக்குக் குடை எதற்கு? மழையைப் படைத்தவனும் அவனே, வெயிலைப் படைத்தவனும் அவனே என்று பக்தர்கள் பகர்கிறார்கள். தான் படைத்த வெயிலுக்குத் தானே அஞ்சி, பட்டுக் குடையின் கீழே பதுங்குவானா பரம்பொருள்? அஞ்சமாட்டான் என்பது குடை பிடிப்போருக்கும் தெரியும். குடை வெயிலுக்காகப் பிடிக்கப்படுவது அன்று, கொற்றத்துக்காகப் பிடிக்கப்படுவது. வெண்கொற்றக் குடை என்றல்லவா நம் முன்னோர் பெயர் வைத்தனர்? சிலப்பதிகாரம் திங்களைப் போற்றப் புகும்போதே, அது சோழனின் வெண்குடையை ஒத்திருக்கிறது என்று சொல்லித்தான் போற்றுகிறது. குடை நிலவைப் போன்றது என்றால் அழகான உவமை. நிலவே குடையைப் போன்றது என்றாலோ, அரசன் எவ்வளவு உயரத்தில் வைக்கப்பட்டிருந்தான் என்பது விளங்குகிறதல்லவா!

கோயில் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கோ இருக்கும் இல் அது, மன்னன் மாளிகை. இறை என்றால் கடவுள். இறை என்றால் அரசன். இறை என்றால் வரியுந்தான். மூன்றுக்கும் ஒரே சொல்லை ஆண்ட தமிழன், அறிந்துதான் ஆண்டானோ, அடிபட்டு ஆண்டானோ! கவரி வீசுதல், ஆலவட்டம் பிடித்தல், சின்னம் ஊதுதல், பள்ளியெழுச்சி பாடுதல், பல்லக்கிலே உலா வருதல்—இவை எல்லாவற்றுக்கும் சாத்திரக்காரர்கள் வைத்த பெயர் ராஜோபசாரம். அரசனுக்குச் செய்யும் உபசாரம்! ஒளிவுமறைவே இல்லை. அரண்மனையிலே அரசனுக்குச் செய்ததை ஆலயத்திலே ஆண்டவனுக்குச் செய்தார்கள்; பிறகு, ஆண்டவனுக்கே இது செய்யப்படுகிறது என்று காட்டி, அரசனுக்குச் செய்வதைப் புனிதமாக்கினார்கள்.

இந்த வித்தை நம் நாட்டுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! மாதா கோயில் சப்பரத்தையும் மடலிலே குறிப்பிட்டிருக்கிறீர்கள் ஆதலால், மேலைக்கடல் தாண்டி ரோமாபுரிக்கும் ஒருமுறை சென்று வருவோம். அங்கேதான் கதை இன்னும் சுவையானது.

ஏசுநாதர் எருசலேம் நகருக்குள் நுழைந்தது கழுதையின் மேல். குடை இல்லை, கொடி இல்லை, கூட வந்தவர்கள் மீனவரும் ஏழை எளியவரும். அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அரச கோலம் அவருக்குப் பூட்டப்பட்டது. சிப்பாய்கள் செங்கருநீல அங்கியைப் போர்த்தினார்கள். கையிலே கோல் கொடுத்தார்கள். தலையிலே முடி சூட்டினார்கள்—முள்முடி! மண்டியிட்டு வணங்கினார்கள்—கேலிக்கு! அரச சின்னங்களை அவர்மேல் பூட்டியவர்கள் அவரை அடித்துக் கொல்லவிருந்தவர்கள் என்று விவிலியமே சொல்கிறது. இதைக் காட்டிலும் பெரிய எச்சரிக்கை அந்தச் சமயத்தாருக்கு வேறு என்ன வேண்டும்?

எச்சரிக்கை முந்நூறு ஆண்டுகள் நின்றது. வீடுகளிலே கூடி அப்பம் பிட்டவர்களுக்குப் பட்டுப் பந்தல் தேவைப்படவில்லை. கி.பி. 313இல் கான்ஸ்டன்டைன் காலத்திலே அரசு அவர்களுக்கு ஆதரவுக்கரம் நீட்டிற்று. கரம் நீண்டது, கூடவே அரண்மனைச் சாமான்களும் வந்து சேர்ந்தன. ரோமானிய அதிகாரிகளுக்கு முன்னே தாங்கிச் செல்லப்பட்ட விளக்கும் நறும்புகையும் ஆயர்களுக்கு முன்னே செல்லத் தொடங்கின. அக்காலத்து ரோமானியர் வெளியே செல்லும்போது போர்த்திய மேலங்கி, காலம் மாறியும் கழற்றப்படாமல், பலிபீடத்து உடையாயிற்று. கண்காணியாக இருந்தவர் கனவான் ஆனார். கனவான் கோமான் ஆனார்.

கோமான் ஆனால் போதுமா? பத்திரம் வேண்டாமா? எட்டாம் நூற்றாண்டிலே பத்திரமும் பிறந்தது. "கான்ஸ்டன்டைனின் நன்கொடை" என்பது அதன் பெயர். தன் முடியையும், செங்கருநீல அங்கியையும், செங்கோலையும், மேற்கு நாடுகளின் ஆட்சியையும் போப்பாண்டவர் சில்வெஸ்டருக்குச் சக்கரவர்த்தியே மனமுவந்து வழங்கிவிட்டார் என்கிறது அது. வழங்கியது நான்காம் நூற்றாண்டில். எழுதப்பட்டதோ நானூறு ஆண்டுக்குப் பிறகு! செத்தவன் கையெழுத்திட்ட கிரயப் பத்திரம் நம் ஊர்ப் பதிவாளர் அலுவலகத்துக்கும் புதிதில்லை. ஆனால் அங்கே ஏமாந்தது ஒரு தாலுகா அல்ல, ஒரு கண்டம்.

ரோமாபுரியிலே "முடிசூடிய நால்வர்" கோயிலைச் சேர்ந்த சில்வெஸ்டர் சிற்றாலயச் சுவரில், 1240களில் தீட்டப்பட்ட ஓவிய வரிசை இன்றும் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் பணிந்து நின்று போப்பாண்டவருக்கு முடியை நீட்டுகிறார். அங்கே குடையும் தீட்டப்பட்டிருக்கிறது. இன்னொரு காட்சியில், குதிரைமேல் அமர்ந்த போப்பாண்டவருக்கு, கடிவாளம் பிடித்துச் செல்கிறார் சக்கரவர்த்தி! சக்கரவர்த்தி இரண்டாம் பிரெடெரிக்கோடு போப்பாண்டவர் மல்லுக்கு நின்ற ஆண்டுகள் அவை. 1245இல்தான் அவரைப் பதவியிழந்தவர் என்று அறிவித்திருந்தார்கள். சுவரிலே தீட்டியது சித்திரம் அன்று, தோழர்களே, சுவரொட்டி! தேர்தல் காலத்திலே நம் பக்கத்துச் சுவர்களில் நாம் எழுதுவதைத்தான் அவர்கள் சுண்ணத்திலும் வண்ணத்திலும் எழுதினார்கள்.

அந்தப் பத்திரம் போலி என்பதை 1440இல் லொரென்சோ வல்லா என்னும் அறிஞர் நிறுவினார். எப்படி நிறுவினார் என்பது தெரிந்துகொள்ளத் தக்கது. வாளெடுக்கவில்லை; இலக்கணம் எடுத்தார். கான்ஸ்டன்டைன் காலத்து லத்தீன் இப்படி இருக்காது. ரோமானிய அரசிலே கிடையாத "சத்ரப்" என்னும் பாரசீகப் பதவிப் பெயர் இதிலே எப்படிப் புகுந்தது என்று கேட்டார். ஒரு சொல்! ஒரே ஒரு சொல்லின் வயதைக் கேட்டதிலே சக்கரவர்த்தியின் நன்கொடை சாயம் வெளுத்தது. தலபுராணங்களையும் சாதிப் பெருமை பேசும் பட்டயங்களையும் நம்மீது வீசுவோருக்கு, நம் இளைஞர்கள் விடை சொல்ல வேண்டிய முறையும் இதுவே. கல்லெறிய வேண்டாம், சொல்லின் வயதைக் கேளுங்கள்.

இனிப் பந்தலுக்கு வருவோம். நற்கருணைப் பவனியிலே நான்கு கழிகளில் தாங்கிப் பிடிக்கப்படும் பட்டு விதானத்துக்கு ஐரோப்பிய மொழிகளிலே வழங்கும் பெயர் பால்தக்கீன். இந்தப் புனிதச் சொல் எங்கிருந்து வந்தது? விவிலியத்திலிருந்தா? இல்லை. பாக்தாத் நகரிலிருந்து! பாக்தாதை இத்தாலியர் பால்தாக்கோ என்று அழைத்தனர். அந்நகரின் பெயரால் விற்கப்பட்ட பொன்னிழைப் பட்டு பால்தக்கீனோ ஆயிற்று. அப்பட்டிலே தைத்த பந்தலுக்கும் அதுவே பெயர் ஆயிற்று. சிலுவைப் போர் என்று சொல்லி இஸ்லாமியர்மீது படை நடத்திய காலம் அது. அதே காலத்திலே, இஸ்லாமியத் தலைநகரின் பட்டுக்குக் கீழேதான் சிலுவையும் பவனி வந்தது. பக்தி பகை பாராட்டிற்று; பட்டு பகை பாராட்டவில்லை! 1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்தனர். ஆறே ஆண்டுகள் கழித்து, 1264இல், நான்காம் அர்பன் என்னும் போப்பாண்டவர் திருவுடல் திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் உரிய விழாவாக்கினார். அடுத்த நூற்றாண்டிலே அந்தத் திருநாளின் ஊர்வலம் ஐரோப்பிய நகரங்களிலெல்லாம் பரவிற்று. மன்னர் நகருக்குள் நுழைகையில் தலைக்கு மேலே பிடிக்கப்படும் பட்டுப் பந்தல், அப்பத்துக்கு மேலேயும் பிடிக்கப்படலாயிற்று.

பந்தல் வந்ததும் என்ன வந்தது? அடிதடி வந்தது! கழி பிடிக்கும் உரிமை யாருக்கு? முன்னே நடப்பது எந்தத் தொழிற்சங்கம், பின்னே நடப்பது எது? நகரத்துப் பெரிய மனிதர்கள் கழிக்காகப் போட்டியிட்டனர். கைவினைச் சங்கங்கள் வரிசைக்காகச் சண்டையிட்டன. இங்கிலாந்திலே முடிசூட்டு விழாவில் மன்னன் தலைக்கு மேலே பந்தல் பிடிப்பது முற்காலத்தில் ஐந்துதுறைப் பிரபுக்களின் பரம்பரை உரிமையாக இருந்தது. விழா முடிந்ததும் துணி, கழி, அதிலே தொங்கிய மணி அனைத்தும் அவர்களுக்கே சொந்தமாயின. நம் ஊரிலே திருவிழா முடிந்ததும் பரிவட்டத் துணிக்கும் பூசைத் தேங்காய் மூடிக்கும் நடக்கும் வழக்கிற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? துணியின் விலைதான் வேற்றுமை!

ரோமாபுரி இராயப்பர் பேராலயத்திலே, 1633இல் திறக்கப்பட்ட வெண்கலப் பந்தல் ஏறத்தாழ 29 மீட்டர் உயரம். பெர்னீனி என்னும் மாபெரும் கலைஞனின் கைவண்ணம். கலையை நாம் குறை கூறவில்லை. ஆனால் அக்காலத்துப் போப்பாண்டவர் எட்டாம் அர்பன், பழைய ரோமானியரின் பாந்தியன் மண்டப முகப்பிலே இருந்த வெண்கலத்தைப் பெயர்த்தெடுத்தார். பந்தலுக்காக என்று ஊர் பேசிற்று. எடுத்த வெண்கலத்தில் பெரும்பகுதி உண்மையிலே போன இடம் பீரங்கி வார்க்கும் உலைக்களம்! பந்தலும் பீரங்கியும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை, மருந்தோடு வாழும் ஆனைக்குட்டத்துத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சாமான்கள் தமிழகக் கரைக்கு வந்தபோது, அவற்றைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தேவையே பாதிரிமாருக்கு இருக்கவில்லை. இங்கேதான் எல்லாமே தயாராக இருந்தனவே! அங்கே மயிற்பீலிக் கண் பதித்த தீக்கோழி இறகு விசிறி, இங்கே ஆலவட்டம். அங்கே போப்பாண்டவரைத் தூக்கும் நாற்காலி, இங்கே பல்லக்கு. அங்கே சிவப்பும் பொன்னிறமும் கோடிட்ட குடை, பசிலிக்கா என்னும் பட்டம் பெற்ற ஆலயங்களின் அடையாளம், இங்கே திருக்குடை. தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு 1806இல் தங்கத்தேர் ஓடிற்று. தேரும் வடமும் நம் ஊர்ப் பெருங்கோயில் தேரின் உடன்பிறப்பே அன்றி வேறென்ன? மதுரைக்கு 1606இல் வந்த ராபர்ட் தெ நோபிலி பூணூலும் குடுமியும் சந்தனமும் இருக்கலாம் என்று வாதாடினார். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரெகோரி அதற்கு இசைவும் தந்தார். ஞானஸ்நானத் தண்ணீர் தலையை நனைத்தது, சாதியை நனைக்கவில்லை.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்துத் தேவாலயத்தை அறிந்தவர்கள் அறிவார்கள். 1872இல் எழுந்த கோயில். காற்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு கூடம். ஒன்று பிள்ளைமாருக்கு, மற்றொன்று நாடாருக்கும் ஏனையோருக்கும். ஒரே பீடம், ஒரே பூசை, ஒரே அப்பம்—நடுவிலே தடுப்பு! 1910இல் கௌசானல் என்னும் ஏசுசபைப் பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தார். இடித்ததும், கடவுள் கோபித்தாரா? இல்லை, உயர்சாதிக் கிறித்தவர் கோபித்தனர், நீதிமன்றம் ஏறினர். 1916இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கேட்ட தனியிட உரிமையை ஏற்க மறுத்தது. அந்தப் பாதிரியாரின் கடப்பாரையை, பெயர் தெரியாத ஆயிரம் குடைகளைக் காட்டிலும் உயர்ந்த திருச்சின்னமாக நாம் மதிக்கிறோம். பகுத்தறிவாளர் பாதிரியைப் புகழலாமா என்று எவரேனும் கேட்டால், இடித்தவன் எவனாயினும் புகழலாம் என்பதே பதில்.

சுவர் ஒன்று இடிந்தால் நோய் தீர்ந்துவிடுமா? 2008 மார்ச் 9ஆம் நாள், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரிலே, கத்தோலிக்கர் கத்தோலிக்கரை எதிர்த்து நின்றனர். தாழ்த்தப்பட்ட கிறித்தவர் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டனர். பொதுப் பாதையிலே பவனிக்கும் பிணத்துக்கும் வழி கேட்டனர். முடிவு? கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு பிணம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை. எட்டயபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த ஊர். தேரோடும் வீதியிலே தங்கள் ஊர்வலமும் செல்ல வேண்டும் என்று நாடார்கள் கேட்டனர். மறுக்கப்பட்டது. தெரு ஆண்டவனுடையதாம், ஆண்டவன் ஜமீனுடையவனாம்! கேட்டவர்களிலே ஒரு பகுதியினர் கத்தோலிக்க மதத்திலே சேர்ந்தனர். தேர் வீதியிலேயே இருந்த ஒரு வீட்டைச் சிற்றாலயமாக்கினர். அதன் முன்னே பந்தல் போட்டனர். 1895இல் பங்குனித் திருவிழாத் தேர் புறப்பட்டது. தேரா, பந்தலா? இந்தப் பக்கம் கழுகாசலமூர்த்தியின் குடை. அந்தப் பக்கம் தேவாலயத்தின் பந்தல். இரண்டும் அரண்மனையிலிருந்து வந்த பொருள்கள். இரண்டுக்கும் நடுவிலே வெறுங்காலோடு நின்ற மனிதர்கள்! ஜமீனின் மேலாளர் கொல்லப்பட்டார், மற்றும் பலர் வெட்டுண்டு மாண்டனர், வீடுகள் எரிந்தன.

நான்கே ஆண்டுகள். 1899 ஜூன் 6. "சிவகாசிக் கொள்ளை" என்று இன்றும் முதியோர் சொல்லும் நாள். விசுவநாதர் கோயிலுக்குள் நுழைவோம் என்று நாடார்கள் கேட்டது தொடக்கம். ஊர் சூறையாடப்பட்டது முடிவு. தாக்க வந்தவர்களும் கஞ்சிக்கு உழைக்கும் குடியானவர்களே, காவல்காரர்களே. கூழ் குடித்தவன் கூழ் குடித்தவனின் கூரையைக் கொளுத்தினான். கோயில் சாவியைக் கையிலே வைத்திருந்தவர்களுக்கோ கொப்புளம் கூட இல்லை.

கமுதியிலே இன்னொரு கதை. அதை மட்டும் நம் தோழர்கள் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். 1897 மே மாதம், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். அறங்காவலர் இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். மதுரை நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, உயர்நீதிமன்றமும் அவ்வாறே, 1908இல் லண்டன் பிரிவி கௌன்சிலும் அவ்வாறே. சாமி கும்பிட உரிமை உண்டா என்பதைத் தேம்ஸ் நதிக்கரையில் அமர்ந்திருந்த வெள்ளைக்காரர் சொன்னார். பக்தசிகாமணிகள் அதைப் பணிந்து ஏற்றனர்! இதே சேதுபதி யார்? விவேகானந்தர் சிகாகோ செல்ல உதவியவர். அதே 1897ஆம் ஆண்டு சனவரியிலே, அமெரிக்கா சென்று திரும்பிய சாமியாரைப் பாம்பனிலே வரவேற்று, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மக்களோடு சேர்ந்து தாமே வண்டியை இழுத்தவர்! சனவரியிலே துறவியின் வண்டியை இழுத்த அதே கை, அதே ஆண்டிலே கோயில் வாசலிலே நின்ற குடிமக்களை நீதிமன்றத்துக்கு இழுத்தது. கையிலே குற்றம் காண்பதற்கு இல்லை. குடைக்குக் கீழே நிற்பவனுக்கு இரண்டுமே இயல்பு. தனக்கு மேலே உள்ளதாக ஒப்புக்கொண்டதை இழுப்பான். தனக்குக் கீழே உள்ளதாக நினைப்பதை மிதிப்பான்.

கேட்ட மக்கள் என்ன கேட்டனர் என்பதையும் மறைக்காமல் பேசவேண்டும். அன்று அவர்களிலே தலைவர்களாக இருந்தோர் சிலர், நாங்களும் சத்திரியரே, பாண்டியர் வழி வந்தோரே, ஆகவே குடைக்கும் பல்லக்குக்கும் பூணூலுக்கும் உரியோரே என்று நூல்கள் எழுதினர். திருவிதாங்கூரிலே அந்த மக்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று இருந்த கொடுமையை எண்ணினால்—மேலாடைக்கான ஆணையே 1859இல்தான் வந்தது—அவர்கள் குடைமீது கொண்ட வேட்கையைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வராது. மறுக்கப்பட்டவனுக்குத்தான் மறுக்கப்பட்ட பொருளின்மீது மயக்கம் பிறக்கும். ஆயினும் கணக்கைப் பார்க்க வேண்டாமா? குடை கேட்டு என்ன கிடைத்தது? கழுகுமலைப் பிணங்களும், சிவகாசிச் சாம்பலும், கமுதித் தீர்ப்பும் கிடைத்தன.

அதே மக்கள் குடையை மறந்து, மகமையிலே காசு சேர்த்து, விருதுபட்டியிலே பள்ளிக்கூடம் கட்டினர். பெயர் என்னவோ சத்திரிய வித்தியாசாலை. பழைய மயக்கத்தின் வாசம் பெயரிலே இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது கரும்பலகை! சிவகாசிக் கொள்ளைக்கு நான்கு ஆண்டுக்குப் பின்னே, 1903இல் பிறந்த ஒரு சிறுவன் அந்தப் பள்ளியிலே படித்தான். 1954இல் இந்த மாநிலத்தின் முதலமைச்சர் ஆனான். கமுதி வழக்கிலே வென்றிருந்தால் ஒரு கருவறைக்கு அருகே நின்றிருப்பார்கள்; பள்ளி கட்டியதால் கோட்டைக்குள் நுழைந்தார்கள். காமராசரோடு நமக்கு ஆயிரம் கருத்து வேற்றுமை இருந்ததுண்டு. அவர் குடைக்குக் கீழே நடந்தார் என்று மட்டும் எவரும் சொன்னதில்லை.

பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனாரை நினையுங்கள். 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பெயருக்குப் பின்னே ஒட்டிய சாதிப் பட்டத்தை வெட்டி எறிவோம் என்று அங்கே முழங்கினார்கள். பட்டமும் குடைதான், தோழர்களே. பெயருக்குப் பிடிக்கும் குடை! இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ் முதலாளிகளுக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டார் அவர். பல்லக்கிலே இடம் கேட்கவில்லை. பஸ்ஸிலே இடம் வாங்கிக் கொடுத்தார். 1931இல் சுயமரியாதை மாநாடு விருதுநகரிலேயே கூடிற்று. குடை கேட்ட ஊர், குடை எதற்கு என்று கேட்ட ஊராகவும் ஆயிற்று.

ஆனைக்குட்டத்துத் தோழர்களுக்கு இப்போது பதில். தெருவைக் கேளுங்கள், விடாதீர்கள். தேர் எந்தத் தெருவில் ஓடுகிறதோ, அந்தத் தெருவிலே ஒவ்வொரு மனிதனும் செருப்போடு நடக்க, மணமகன் ஊர்வலம் போக, பிணம் போக, பறை போக உரிமை உண்டு. அதற்கு நாம் முன்னே நிற்போம். வாசலைக் கேளுங்கள், வடத்தைக் கேளுங்கள். சிவகங்கைச் சீமை கண்டதேவியிலே, வடம் பிடிக்கும் உரிமையைச் சில சாதியார் தமக்கே என்று வைத்துக்கொண்டதால் 1998இல் மூண்ட பூசல், தேரையே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்தது. 2024 ஜூன் மாதத்தில்தான், நீதிமன்றம் தலையிட்டுக் காவலரைக் குவித்த பிறகு, மறுபடி ஓடிற்று. எல்லாரும் தொட்டால் தேர் தீட்டாகிவிடும் என்று எண்ணியவர்கள், ஓடாத தேரைக் கறையானுக்குக் கொடுக்கவும் துணிந்தார்கள்! வடம் எல்லார் கைக்கும் உரியது, அது உழைப்பு.

ஆனால் குடையும் பரிவட்டமும் முதல் மரியாதையும் அப்படிப்பட்டவை அல்ல. வடத்தை ஆயிரம் பேர் பிடிக்கலாம். முதல் மரியாதையை இரண்டு பேர் பெற முடியாது. ஒருவன் முதல்வனாக, மற்றவன் இரண்டாமவனாக நிற்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட பொருளிலே பங்கு எப்படிக் கேட்பது? உங்கள் தெருவுக்கு இரண்டாம் மரியாதை கிடைத்தால், அடுத்த தெருவுக்கு மூன்றாவது. ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்கு? வெயில்! அங்கே வாழ்வோர் உங்களைப் பார்த்து இதே மடலை எழுத வேண்டிவரும். ஆகவே, பங்கு கொடு என்று கேட்காதீர்கள். எவனுக்கும் கொடாதே என்று கேளுங்கள். அமைதிக் கூட்டத்திலே தாசில்தார் அமர்ந்து, "யாருக்கு முதலில் விபூதி?" என்று பட்டியல் போடுவது குடியரசு ஊழியரின் வேலை அன்று என்று எழுந்து சொல்லுங்கள்.

நடக்காத காரியத்தைச் சொல்கிறோமா? ரோமாபுரியிலேயே நடந்திருக்கிறதே! 1963இல் மூவடுக்கு முடி சூட்டிக்கொண்ட போப்பாண்டவர் ஆறாம் பவுல், மறு ஆண்டு நவம்பரிலே அதைக் கழற்றிப் பீடத்தின்மேல் வைத்தார்; பிறகு அவர் அணியவில்லை. அடுத்த மாதம் பம்பாய்க்கு வந்தார். 1965 நவம்பரிலே, ஆயர்கள் ஏறத்தாழ நாற்பது பேர் பழைய சுரங்கக் கல்லறை ஒன்றிலே கூடி, பொன் வெள்ளிச் சின்னங்களையும் பிரபுப் பட்டங்களையும் துறப்பதாக உறுதி பூண்டனர். மனிதர் தோளிலே போப்பாண்டவரைச் சுமந்த நாற்காலி, 1978இல் முதலாம் அருளப்பர் சின்னப்பரோடு ஓய்ந்தது. தெய்வம் ஒன்றும் தரையிலே விழுந்துவிடவில்லை.

இங்கேயோ? 2022இல் மயிலாடுதுறைக் கோட்டாட்சியர், மனிதரை மனிதர் பல்லக்கிலே சுமக்கும் தருமபுரம் ஆதீனத்துப் பட்டினப் பிரவேசத்துக்குத் தடை விதித்தார். எழுந்தது பாருங்கள் கூச்சல்! ஆயிரம் ஆண்டுப் பண்பாடு அழிந்ததாம்! தடை திரும்பப் பெறப்பட்டது. மே மாதத்திலே பல்லக்கும் புறப்பட்டது. தோள் கொடுத்தவர்கள் விரும்பித்தான் கொடுக்கிறார்கள் என்றனர். விரும்பித்தான் என்றால், ஓர் ஆண்டு ஆதீனகர்த்தர் தோள் கொடுக்க, சுமப்பவர் ஒருவர் உள்ளே அமரட்டுமே. அந்த விருப்பத்தையும் பார்த்துவிடுவோம்! மறு ஆண்டு, 2023 மே 28இல், டெல்லிப் புதிய நாடாளுமன்றத்திலே, வாக்குச்சீட்டால் வந்தவர்கள் செங்கோலை நட்டனர். ஆதீனங்கள் புடைசூழ நின்றனர். குடியரசுக்குக் கோல் எதற்கு? அடுத்து, அதற்குக் குடை கேட்கமாட்டார்கள் என்பதற்கு உறுதி உண்டா?

எதிரியைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட்டால், படிக்கும் தோழர்கள் சிரிப்பார்கள். நம் மேடைகளிலே என்ன நடக்கிறது? தலைவர் வந்தால் மலர்க் கிரீடம், வெள்ளி வாள், செங்கோல், அரியணை போன்ற நாற்காலி, சில ஊர்களிலே வெண்கொற்றக் குடையே பிடிக்கிறார்கள்! முடியாட்சியை ஒழித்த இயக்கம் என்று மைக்கிலே முழங்கும்போதே, முழங்குபவர் தலையிலே கிரீடம் ஆடுகிறது. கல்யாண மண்டபத்து வாடகைச் சாமான் என்று சாக்குச் சொல்ல வேண்டாம். கான்ஸ்டன்டைனின் நன்கொடையும் முதலிலே இரவல் சாமானாகத்தான் வந்தது.

விருதுநகர் மாவட்டத்து வரவேற்புக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குக் கிரீடத்துக்கும் வாளுக்கும் ஒதுக்கியிருக்கும் தொகை எவ்வளவோ, அதைப் பட்டாசு ஆலை விபத்துகளிலே தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கொடுங்கள். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியிலே ஒரே ஆலையில் 40 உயிர்களுக்குக் குறையாமல் போயின. அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் போய்க்கொண்டே இருக்கின்றன. கோயில் விழாவிலும் கட்சி விழாவிலும் வானத்திலே பூப்பூக்கும் மருந்தைக் கலந்தவர்கள் அவர்கள். கொடுத்த தொகையையும், பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்திலே வெளியிடுகிறோம்.